எதிராளியின் புலி

"என் புலியைத் திருடிட்டாங்க" என்று பல் டாக்டர் போனில் சொன்னதும், "மிருகக்காட்சி சாலைக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டோமோ என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசித்த பிறகும் என்னையே வைத்துக்கொண்டார். என்னைவிடக் கெட்டிக்காரத் துப்பறிவாளர்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கும்போது ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்று மத்தியானத்துக்கு மேல் தோன்றியது. தோன்றியபோது வலித்தது.

புலி என்றது ஒரு கார்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அட்டை. இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

என் உதவியாளரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். உதவியாளர் என்றால் என் மனைவியின் அண்ணன். "சும்மாதானே இருக்கார், கூட வெச்சுக்கோங்க" என்று என் மனைவி ஒருநாள் காலையில் சொன்னாள். மறுநாள் காலையில் அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரை வேலையை விட்டு நிறுத்த வேண்டுமென்றால் முதலில் நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். என்னை "மாப்ள" என்பார். அந்த ஒரு சொல்லில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

அன்று மச்சானுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கி, பேசும்போதெல்லாம் ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"கேஸும் பல் டாக்டர்கிட்ட, பல்லும் எங்கிட்ட. இந்த மாதிரி வசதி நம்ம தொழில்ல அமையறது அபூர்வம் மாப்ள."

காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து "துப்புங்க" என்று குரல் கேட்டது. நான் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"உக்காருங்க மாப்ள" என்றார் மச்சான். "வாய் கொப்பளிச்சவரைச் சொல்றார். உங்க துப்பு வேற."

பல் டாக்டர் ஒல்லியாக, நல்ல உயரமாக, கழுவிக் கழுவி வெளுத்த கைகளோடு இருந்தார். எங்களை சிகிச்சை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். நாற்காலிக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. உடம்பெல்லாம் ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு புலி. கீழே பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"இதுதான் என் கண்ணாடிப் புலி. கார்டைப் பெருசா போட்டோ எடுத்து மாட்டினேன். வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கறவங்க எதையாவது பாக்கணும் இல்லையா?"

விளையாட்டை அவரே விளக்கினார். ஆளுக்கு ஒரு கட்டு. கட்டில் மிருகங்கள், மந்திரங்கள். மிருகத்தை மேசையில் இறக்கி எதிராளியை அடிக்க வேண்டும். எதிராளியின் உயிர்ப் புள்ளிகள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது.

"ஆனா அந்த அம்மாவோட கட்டுல மிருகமே அதிகம் கிடையாது சார். முழுக்க வசியம். நான் மிருகத்தை எறக்குவேன், அவங்க அதை வசியம் பண்ணித் தன் பக்கம் இழுத்துப்பாங்க. அப்புறம் அதை வெச்சே என்னை அடிப்பாங்க. வருஷக்கணக்கா இதேதான்."

"எந்த அம்மா?"

"எதிர்த்த ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கற டாக்டர். எங்க கார்டு கிளப்புல வசிய டாக்டர்னு கூப்பிடுவோம்."

"தொழில்லயும் மயக்கம், ஆட்டத்துலயும் மயக்கம்" என்றார் மச்சான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "ஒரே படிப்புல ரெண்டு வருமானம்."

டாக்டர் சிரிக்கவில்லை. போன வாரம் கிளப்பின் இறுதி ஆட்டம் நடந்தது என்றார். ஜெயிக்கிறவர் தேசியப் போட்டிக்குப் போவார். அந்த அம்மாவை ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும் என்று பெட்டியில் பூட்டியே வைத்திருந்த கண்ணாடிப் புலியை முதல் தடவையாக வெளியே எடுத்துக்கொண்டு போனாராம். முதல் அச்சு, மூலையில் சிவப்பு நட்சத்திரம் உள்ளது, உலகத்திலேயே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருக்கிறதாம். அதையும் அந்த அம்மா வசியம் பண்ணி எடுத்துக்கொண்டாராம். ஆட்டம் முடிந்து திருப்பிக் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் உறையை உருவிப் பார்த்தால் உள்ளே இருந்தது போலி.

போலியை என் கையில் வைத்தார். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணக் கண்ணாடிப் புலி. மூலையில் சிவப்பு நட்சத்திரம் ஒட்டியிருந்தது. நகத்தால் லேசாகச் சுரண்டினேன். உரிந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. சாட்சியத்தை நானே அழித்துவிட்டேன் என்று புரிந்து, யாரும் பார்க்காதபோது எச்சில் தொட்டுத் திரும்ப ஒட்டினேன்.

"இன்னைக்குச் சாயங்காலம் கிளப் கமிட்டி கூடுது. அதுக்குள்ள எனக்கு ஒரு அறிக்கை வேணும் சார். அவங்க எப்படி மாத்தினாங்கங்கறதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. தேசியப் போட்டி இடம் எனக்கு முக்கியமில்ல. நியாயம்தான் முக்கியம்."

'எப்படி' என்றுதான் கேட்டார். 'யார்' என்று கேட்கவில்லை. மூளையுள்ள துப்பறிவாளன் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். நான் தலையாட்டினேன்.

கிளப் நடக்கிற கார்டுக் கடை ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. ஏறும்போதே கீழேயிருந்து மிஷின்கள் ஓடுகிற சத்தம் கூடவே வந்தது. கடைக்கார அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கார்டுகளைத் தினுசு பிரித்துக்கொண்டிருந்தார். கமிட்டிக்கு அவர்தான் தலைவர், இறுதி ஆட்டத்துக்கு அவர்தான் நடுவர். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை: 'கார்டில் அச்சாகியிருப்பதே சட்டம். அழுது பயனில்லை.'

"வசியம்னா என்னன்னு வாயால சொன்னாப் புரியாது. உக்காருங்க" என்று ஒரு கட்டை என் கையில் கொடுத்தார்.

நான் ஓர் எருமையை இறக்கினேன். நல்ல கம்பீரமான எருமை. அதைப் பார்த்ததும் எனக்கு வாழ்க்கையில் ஒரு பிடிப்பு வந்தது. அவர் தன் கையிலிருந்து 'கயிறு' என்ற கார்டை எடுத்து அதன் மேல் போட்டார். எருமையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இது நிரந்தர வசியம். இந்தக் கயித்தை நீங்க அறுக்கற வரைக்கும் எருமை என்னோடது. அறுக்கறதுக்குக் கத்தரிக் கார்டு வேணும். இருக்கா?"

இல்லை. என் எருமை என்னை முட்டியது. நான் ஒரு கழுகை இறக்கினேன். இந்தத் தடவை 'இரவல்' என்ற கார்டைப் போட்டார்.

"இது ஒரே ஒரு முறைக்கு. உங்க கழுகை வாங்கி உங்களையே கொத்த வெச்சுட்டு, திருப்பிக் குடுக்கணும்."

"பரவாயில்லையே, திருப்பிக் குடுத்துடுவீங்களா?"

"யார் குடுத்தா?" என்றவர் கழுகால் என்னைக் கொத்திவிட்டு, அதைத் தூக்கி, செத்த கார்டுகள் போகிற குழியில் போட்டார். "திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி பலி குடுத்துடணும். கழுகும் போச்சு, பலிக்கு எனக்கு ரெண்டு கார்டும் வந்துது. இரவல் வாங்கறதோட சூட்சுமமே அதுல இருக்கு."

கடைசியாக ஒரு யானையை இறக்கினேன். 'பண்டமாற்று' என்றார். யானை அவருக்குப் போனது. எனக்கு ஓர் எலி வந்தது.

மச்சான் வலியை மறந்து சிரித்தார். "கவலைப்படாதீங்க மாப்ள. எலியாவது உங்களை நம்பி வந்திருக்கே."

தோல்வி எனக்குப் பழக்கம். அதற்குள்ளேயும் மூளையை ஓட்டினேன். எடுத்த கார்டு யார் பக்கம் இருக்கும்? எடுத்தவர் பக்கம். ஆட்டம் முடிகிற வரைக்கும் அங்கேயே இருக்குமா? இருக்கும். பல் டாக்டருடைய கார்டுகளுக்குப் பச்சை உறை; அதே பச்சை உறை இந்தக் கடையில் யாருக்கும் கிடைக்கும். அப்படியானால் பச்சை உறைக்குள் ஒரு போலியைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தால் போதாதா? எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

"முதல் அச்சுப் புலியை நீங்க பாத்திருக்கீங்களாம்மா?"

"கேள்விப்பட்டிருக்கேன், அவ்வளவுதான். நட்சத்திரம் இருக்கும்பாங்க. டாக்டர் அதை ஒருத்தர் கண்ணுலயும் காட்டினதில்ல. கிளினிக்ல படம் மாட்டியிருக்காராம். எனக்கு மொத்தமும் கட்டின பல்லு, அங்க போக வேண்டிய அவசியமே வரல."

ஆஸ்பத்திரியில் வசிய டாக்டர் ஓர் ஆபரேஷன் முடித்து, தலைக்குல்லாயைக் கூடக் கழற்றாமல், டாக்டர்கள் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, குள்ளம், அவசரமே இல்லாத குரல். அந்தக் குரலில் "ஒண்ணும் பண்ணாது, கண்ணை மூடிக்கோங்க" என்று சொன்னால் நான்கூடத் தூங்கிவிடுவேன்.

"அவர் அனுப்பினாரா?" என்றார்.

"நடுநிலையா விசாரிக்கறோம்" என்றேன்.

"எல்லாரோட மிருகத்தையும் எடுத்துடுவீங்களாமே?" என்று மச்சான் கேட்டார்.

"பொறுமை இருந்தா எடுக்கலாம். எறங்கின உடனே எடுக்கறது அவசரக்காரங்க வேலை. நான் காத்திருப்பேன். எதிராளி அதுக்குக் கவசம் மாட்டட்டும், பலம் ஏத்தட்டும், கையில இருக்கற நல்ல கார்டையெல்லாம் அது மேலயே கொட்டட்டும். கொட்டி முடிச்சதும் எடுப்பேன். அப்ப போறது வெறும் மிருகம் இல்ல. அவரோட மொத்தத் தெம்பும் அதோட வந்துடும்."

"என் தங்கச்சியும் இவரைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி காத்திருந்திருக்கணும். பலம் ஏறறதுக்குள்ள எடுத்துட்டா, பாவம்."

அவர் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே அடங்கியது.

"அன்னைக்குத்தான் ஒண்ணும் புரியல. புலியை வெறுமனே எறக்கி வெச்சார். கவசம் இல்ல, காவல் இல்ல. பொறி வெச்சிருக்காரோன்னு எனக்குச் சந்தேகம். சில மிருகம் எடுத்தவங்களையே கடிக்கும். அதனால புலி கார்டை வாங்கி, எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாம படிச்சேன். ஒண்ணும் இல்ல. கயித்தைப் போட்டு எடுத்தேன். இத்தனைக்கும் அவர் கையில கத்தரி இருந்துது. முன்னாடியே ஒரு மந்திரத்தால அவர் கையைப் பாத்திருந்தேன். கயித்தை ஒரே வெட்டுல அறுத்திருக்கலாம். அறுக்கவேயில்ல. நான் ஜெயிக்கற வரைக்கும் புலியை எங்கிட்டயே விட்டு வெச்சிருந்தார்."

இதையெல்லாம் நான் கவனமாகக் கேட்டேன். கேட்டுவிட்டு, குற்றவாளிகள் தேவைக்கு அதிகமாகப் பேசுவார்கள் என்ற என் பழைய கொள்கையோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது அவர் இடுப்பில் தொங்கிய சாவியை எடுத்துக் காட்டினார்.

"இது மயக்க மருந்து அலமாரிச் சாவி. இந்த ஆஸ்பத்திரியில இதை நம்பிக்கையான ஆள்கிட்டதான் குடுப்பாங்க. என் பேரோட திருட்டுங்கற வார்த்தை ஒட்டிடுச்சுன்னா நாளைக்கே வாங்கிடுவாங்க. சாவி இல்லாத மயக்க டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல வேடிக்கைதான் பாக்கலாம். தேசியப் போட்டி போனாப் போகட்டும் சார். இது போகக்கூடாது."

மாடிப்படி இறங்கும்போது மச்சான் சொன்னார். "இந்த அம்மா எடுக்கல மாப்ள."

"ஆதாரம்?"

"முகம்."

"முகத்தை அறிக்கையில ஒட்ட முடியாது மச்சான்" என்றேன். ஆபீசுக்குப் போய் அறிக்கையைத் தட்டச்சு செய்தேன். 'பச்சை உறையின் மர்மம்' என்று தலைப்புக் கொடுத்தேன். மடி, உறை, கண்ணிமைக்கும் நேரம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். படிக்கப் படிக்க எனக்கே புல்லரித்தது.

அறிக்கையோடு கிளினிக்குக்கு மறுபடி போனபோது மச்சானின் கன்னம் இன்னும் உப்பியிருந்தது. பல் டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார். நீங்க இதைத்தான் எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியும்."

பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தோஷத்தில் மச்சானின் பல்லை அங்கேயே பிடுங்கிவிடுவதாகச் சொன்னார். நாற்காலியில் சாய்த்து, ஈறில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டார். "கொஞ்ச நேரம் அப்படியே இருங்க" என்றுவிட்டுக் கருவிகளை எடுத்துவரப் பின்னறைக்குப் போனார்.

நான் என் அறிக்கையை இன்னொரு தடவை ரசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதடு மரத்து ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ழெண்டு அரி" என்றார்.

"என்ன?"

"ழெண்டு அரி! ழெண்டு அரி!"

"ஹரியா? யாரு அந்த ஹரி?"

அவர் தலையைப் பலமாக ஆட்டினார். இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு ஹரியா?" என் குரல் நடுங்கியது. "இரட்டைப் பிறவிங்களா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் தன் தங்கையின் எதிர்காலத்தைப் பற்றிய கவலை தெரிந்தது. நாற்காலியிலிருந்து இறங்கினார். என் கழுத்தைப் பிடித்து எதிர்ச்சுவரில் இருந்த புலிப் படத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். புலியின் கீழே இருந்த எழுத்தில் விரலை வைத்தார்.

இரண்டு வரி.

முதல் வரி: 'தாக்க வரும்போது இது எதிராளியின் கண்ணுக்குத் தெரியாது.' என் பையில் இருந்த போலியை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வரி இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

படத்தில் இருந்தது. 'இது எந்த வசியத்துக்கும் மயங்காது. எவர் கைக்கும் போகாது.'

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மச்சான் பொறுமையாகக் காத்திருந்தார்; வேறு வழியில்லை, பேச முடியாது. முதல் அச்சுப் புலியை யாரும் வசியம் செய்ய முடியாது. கார்டில் அச்சாகியிருப்பதே சட்டம். ஆனால் வசிய டாக்டர் அதை வசியம் செய்து எடுத்தார். ஒரு எழுத்து விடாமல் படித்துப் பார்த்துவிட்டு எடுத்தார். அப்படியானால் அவர் எடுத்தபோதே உறைக்குள் இருந்தது போலி. அவர் எடுக்க வேண்டும் என்றே இறக்கி வைக்கப்பட்ட போலி. கத்தரி இருந்தும் கயிறு அறுபடாததும் அதனால்தான்.

பல் டாக்டர் என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்ற கேள்வி அந்த இடத்தில்தான் தோன்றியது. படத்தைப் பார்த்தாலும் படிக்காத ஆள் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. மச்சான் என் மார்பைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். "இழவல்" என்று காதில் விழுந்தது. திட்டுகிறார் என்று நினைத்தேன். 'இரவல்' என்றிருக்கிறார்; அந்த அம்மாவை அடிக்க என்னை இரவல் வாங்கியிருக்கிறார் பல் டாக்டர். இரண்டுமே பொருத்தம்தான்.

பின்னறையில் குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. மச்சான் செல்போனில் படத்தைப் படம் பிடித்துக்கொண்டு நாற்காலியில் பாய்ந்து ஏறினார்.

பல் டாக்டர் குறடோடு வந்தார். "ஆ காட்டுங்க."

மச்சான் வாயை இறுக்க மூடிக்கொண்டார். கண்கள் என்னைக் கேட்டன. இப்போது மறுத்தால் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் இவர் உஷாராகிவிடுவார். நான் மெதுவாகத் தலையசைத்தேன். உதவியாளர்கள் குண்டடிபட்டதாக நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். என் மச்சான் கண்ணை மூடி, வாயைத் திறந்து, தொழிலுக்காகப் பல்லைக் கொடுத்தார்.

கமிட்டி என்பது கடைக்கார அம்மாவும், ஒரு கல்யாண போட்டோகிராபரும், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவரும். கார்டுக் கடையின் பின்னறையில் நீளமான மேசை. ஒரு பக்கம் வசிய டாக்டர், எதிர்ப்பக்கம் பல் டாக்டர். மச்சான் வாயில் பஞ்சை அடக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கிண்டல் இல்லாமல் நான் பேசப்போகிற முதல் கேஸ் இது. ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது.

"அறிக்கையைப் படிங்க" என்றார் கடைக்கார அம்மா.

அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்தேன். போலிப் புலியை மேசை நடுவே வைத்தேன்.

"டாக்டரம்மா, அன்னைக்குப் பண்ணின மாதிரியே இதை எடுத்துக் காட்டுங்க."

அவர் கயிற்றைப் போட்டார். புலியைத் தன் பக்கம் இழுத்தார்.

"சார்" என்று பல் டாக்டரிடம் திரும்பினேன். "அவங்க இப்படி எடுத்தப்ப நீங்க ஏன் தடுக்கல?"

"தடுக்கறதுக்கு என்ன இருக்கு? வசியம் போட்டாங்க, போச்சு."

"உங்க உண்மையான புலியை வசியம் பண்ண முடியுமா?"

"ஏன் முடியா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மச்சான் மேசையில் நகர்த்திய செல்போனைப் பார்த்தார். அதில் அவருடைய சுவர் இருந்தது.

கடைக்கார அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, செல்போனைக் கையில் எடுத்து, இரண்டாவது வரியை உரக்கப் படித்தார். போலியைத் திருப்பிப் பார்த்தார். நட்சத்திரம் அவர் விரலோடு வந்தது. எச்சிலில் எவ்வளவு நேரம் நிற்கும்?

"அவங்க அதை எடுத்ததுதான் அவங்க திருடலைங்கறதுக்கு ஆதாரம்" என்றேன். "நிஜப் புலி மேசையில இருந்திருந்தா அவங்களால தொட்டிருக்கவே முடியாது. அந்தக் கடைசி வரி இருந்தா அவங்க எடுக்க மாட்டாங்க. அவங்க எடுக்கணும், அப்பத்தான் பழி விழும். அதுக்காகவே சாதாரணப் புலி மேல நட்சத்திரத்தை ஒட்டிக் கொண்டுவந்திருக்கார்."

கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பல் டாக்டரின் கை கோட்டின் உள்பைக்குப் போனது. தடித்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே கண்ணாடிப் புலி. மூலையில் நட்சத்திரம் அச்சாகியிருந்தது.

"கிளினிக்ல வெச்சா யாராவது பாத்துடுவாங்கன்னு கூடவே வெச்சிருந்தேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "ஒவ்வொரு தடவையும் என் மிருகத்தை வெச்சே என்னை அடிப்பீங்க. நான் பாத்துப் பாத்து வளத்தது எல்லாம் உங்க பக்கம் நின்னு என்னைக் கடிக்கும். சுத்தி நின்னு சிரிப்பாங்க. ஒரே ஒரு தடவை உங்க கைக்கு வந்தது உங்களையே கடிக்கணும்னு நெனச்சேன்."

"கடிச்சிருக்கும்" என்றார் வசிய டாக்டர். "என் சாவியைப் பிடுங்கியிருப்பாங்க. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு.

என் பைக்குள் மடித்திருந்த அறிக்கையில் அந்தச் சாவியைப் பிடுங்குவதற்கு வேண்டிய எல்லா வாக்கியமும், நல்ல தமிழில், என் கையெழுத்தோடு இருந்தது.

பேங்க் மேனேஜர் போலீஸ் என்றார். போட்டோகிராபர் சரிதான் என்றார். கடைக்கார அம்மா வசிய டாக்டரைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. பழி உங்க மேலதான் வந்துது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் கட்டை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தார்.

"போலீஸ் வேணாம். கிளப்புல இருந்து அவர் பேரை எடுத்துடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடணும். அந்தப் பெட்டியைத் திறங்க டாக்டர். என்னால எடுக்க முடியாத ஒண்ணோட ஆடி எவ்வளவோ நாளாச்சு."

"கீறல் விழுந்துடும்" என்றார் பல் டாக்டர். அந்த நிலைமையிலும் சொன்னார்.

"விழட்டும்."

ஆடினார்கள். பெட்டியைத் திறக்கவே பல் டாக்டருக்கு இரண்டு தடவை வழுக்கியது. புலி முதன்முதலாக ஒரு மேசையைத் தொட்டது. வசிய டாக்டர் அவருடைய கரடியைக் கயிறு போட்டு எடுத்தார், நரியை இரவல் வாங்கிக் குழியில் தள்ளினார், ஓர் எலியைக் கொடுத்துக் காண்டாமிருகத்தை வாங்கினார். பாதி ஆட்டத்தில் மேசையில் இருந்த அத்தனை மிருகமும் அவர் பக்கம். எதிரே புலி ஒன்று மட்டும் தனியாக நின்றது. அதன் மேல் எதுவும் ஒட்டவில்லை. தாக்க வரும்போது அதைத் தடுக்கவும் வழியில்லை. சுற்று சுற்றாக வந்து அடித்தது.

மச்சான் பஞ்சைக் கடித்துக்கொண்டு பார்த்தார்.

வசிய டாக்டரின் உயிர்ப் புள்ளிகள் தீர்ந்தன. அவர் கார்டுகளைக் கீழே வைத்தார். எடுத்த மிருகங்களையெல்லாம், கரடி, காண்டாமிருகம், ஒவ்வொன்றாக, உறையைத் துடைத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அன்னைக்கே இதை எறக்கியிருந்தா நான் தோத்திருப்பேனே டாக்டர்" என்றார். கேலியில்லாத குரல். ஒரு நோயாளியிடம் சொல்வதுபோலச் சொன்னார். "தேசியப் போட்டிக்கு நீங்கதானே போயிருப்பீங்க."

எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவசர கேஸ் ஒன்று இருப்பதாகக் கடைக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். கமிட்டிக்காரர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். நானும் மச்சானும் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தோம்.

ஜெயித்தவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவேயில்லை.